பாப்பிரெட்டிப்பட்டித் தேக்குத் தோப்பில் ஒரு தேர்வு

காலை ஆறரை மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் அரூர் வண்டி ஏறினேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டிக்கெட் நாற்பது ரூபாய்.

நான் சேலத்தில் ஒரு மரவாடியில் வேலை பார்க்கிறேன். வெட்டி வரும் மரங்களை அளந்து கன அடி சொல்வது என் வேலை. நிற்கும் மரத்துக்கு மதிப்புப் போட்டுக் கையெழுத்திட வேண்டுமானால் மதிப்பீட்டாளர் சான்றிதழ் வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அன்றைக்குக் களத் தேர்வு.

பயமெல்லாம் என் இடது கண்ணைப் பற்றித்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வாடியில் தெறித்த மரச்சிராய் ஒன்று அதன் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. விண்ணப்பத்தில் அதை எழுதியிருந்தேன். பதில் எதுவும் வரவில்லை. ஒற்றைக் கண்ணோடு உயரத்தைக் கணிக்க விடுவார்களா, விட்டாலும் எனக்கு வருமா என்று தெரியாது. வாடிக்கு எதிரே இருக்கும் தென்னையை அளந்து பழகியபோது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரம் வந்தது.

மஞ்சவாடிக் கணவாயில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண் கேட்டார்.

“எங்கங்க போறீங்க? கோயிலுக்குங்களா?”

“இல்லைங்க, பரீட்சைக்கு.”

“இந்த வயசுலயா?” என்றவர், சற்று யோசித்துவிட்டு, “பரவால்லைங்க, எழுதிட்டு வாங்க” என்று ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையடிவாரத்துத் தோப்புக்கு ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். தோப்பு முருகேசன் என்ற விவசாயியுடையது. தண்ணீருக்குப் புதிதாகப் போர்வெல் போடுவதற்காகச் சில தேக்குகளை விற்கிறார். நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு மரத்தைக் கணிக்க வேண்டும். பிறகு அந்த மரங்களை வெட்டி அளந்து, நாங்கள் எழுதியது எவ்வளவு சரி என்று பார்ப்பார்கள். தேர்வாளர் சிவலிங்கம் வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பெயரைக் கூப்பிட்டதும் அருகில் போய்க் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

“படிச்சேன்மா,” என்றார். “உயரம் பாக்கறப்ப எல்லாரும் ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான் பாக்கறாங்க. உனக்கு அந்த வேலை மிச்சம். போய் அள.”

பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்தேன். அது எனக்குக் கைவந்த வேலை. அடுத்து உயரம். கை நீளமுள்ள ஒரு குச்சியை, நீட்டிய கையில் நிமிர்த்திப் பிடித்து, குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னால் நகர வேண்டும். நிற்குமிடத்திலிருந்து மரம் இருக்கும் தூரமே உயரம். மரவள்ளிக் காட்டுக்குள் பின்னால் நகர்ந்தபோது இடப்பக்கம் இருந்த வாய்க்காலைப் பார்க்கவில்லை. முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, முருகேசனின் மனைவி சாந்தி ஓடி வந்து கை கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தேன். இருமுறையும் ஒரே உயரம் வந்தது.

பிறகு மரத்தைச் சுற்றி வந்தேன். தலைக்கு மேலே ஒரு கிளை முறிந்து ஆறிய தழும்பு. அதன் கீழே சுத்தியால் தட்டினேன். மற்ற இடத்தில் கணீரென்ற சத்தம் அங்கே மட்டும் மந்தமாக இருந்தது. முருகேசன் அருகே வந்தார்.

“ஏங்க, மரம் நல்லாத்தானேங்க இருக்குது?”

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் முகத்தைப் பார்க்காமல், தழும்பை ஒட்டி இரண்டடி கழிவு என்று எழுதினேன். நான் சரியென்றால் அவருக்கு நஷ்டம். தவறென்றால் எனக்குத் தோல்வி.

மதியத்துக்கு மேல் மெஷின் ரம்பம் வந்தது. என் மரம் சாய்ந்தபோது தரை அதிர்ந்தது. டேப் பிடித்து நீளம் எடுத்தார்கள். தழும்பு இருந்த இடத்தில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே கறுத்து, கை வைத்தால் தூளாக உதிர்ந்தது. முருகேசன் அப்படியே குந்திவிட்டார். சிவலிங்கம் கீழே இன்னொரு அறுப்புப் போடச் சொன்னார். அங்கிருந்து அடி வரைக்கும் வைரம் பாய்ந்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கெட்டது ஒன்றே முக்கால் அடிதான்.

“உயரமும் கழிவும் சரியாத்தான் எழுதியிருக்கே. பாஸ்,” என்றார் சிவலிங்கம். “சர்டிபிகேட் தபால்ல வரும்.”

அப்போதுதான் காலில் சேறு காய்ந்து இறுகியிருப்பதே உறைத்தது. சாந்தி காட்டிய குழாயடியில் கழுவினேன். தோப்பிலேயே எல்லோருக்கும் களியும் கடலைச் சட்னியும் போட்டார்கள். இரண்டாவது உருண்டையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது முருகேசன் ஆட்டோ வரை வந்தார்.

“பூரா மரமும் போச்சுன்னு நெனச்சுட்டேங்க. அந்தாண்ட இன்னும் எட்டு நிக்குது. அதையும் நீங்களே வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க.”

“சர்டிபிகேட் வரட்டுங்க.”

“வரட்டுமே. மரம் எங்க ஓடிப் போவுது?”

எங்கள் வாடிக்கு வரும் மரம் கிளையும் இலையும் இழந்து, படுத்த நிலையில்தான் வரும். யார் நட்டது, எந்தக் காற்றில் கிளை முறிந்தது, யார் அதை நம்பியிருக்கிறார் என்று கேட்க அங்கே ஆளிருக்காது. இங்கே என் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோ கிளம்பியபோது, எட்டு மரங்களும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டேன்.