தோற்காத ஜப்பான் வண்டியும் நான் சொன்ன பொய்யும்

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று மானகிரி ரோட்டில் சொந்த இடத்தில் பட்டறை. எந்தக் காரானாலும் காது வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். காரைக்குடியில் வேறு எவனுக்கும் இது வராது. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மை.

போன வருசம் மலேசியாவிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு வந்த செட்டியார் வீட்டுத் தம்பி ஒருவர், கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் காரை என்னிடம் விட்டார். முப்பது வருசப் பழசு. ரேசுக்கென்றே செய்த மாடலாம். ஜப்பானில் அந்த வகைப் போட்டியில் ஒரு ரேசுகூடத் தோற்கவில்லையாம். ஆஸ்திரேலியாவில் வேகத்தைக் குறைக்க எடையை ஏற்றிவிட்டுப் பார்த்தும் ஜெயித்ததாம். கடைசியில் போட்டிச் சட்டத்தையே மாற்றி வெளியே நிறுத்தினார்களாம். சூட்சுமம் இதுதான்: வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். அது வழுக்கினால், ஓட்டுகிறவன் உணர்வதற்கு முன்னால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

"பின்னால ஊளைச் சத்தம் வருதுண்ணே. ஆனா பின்பக்கத்த மட்டும் தூக்கிவச்சு ஓட்டிராதீக" என்றார்.

"தம்பி, நீங்க பொறக்குமுன்னயே வண்டியத் தூக்குனவன் நான். போய்க் கல்யாண வேலையப் பாருங்க."

இருபது வருசமாக என்னோடு வேலை பார்க்கும் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி, அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.

அவன் வந்ததும் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றினோம். பானெட்டைத் திறந்து, முன்னால் நின்று இன்ஜினைப் பார்க்கச் சொன்னேன்.

"பாத்து மச்சான், மாப்பிள்ளை ஊர்கோலம் போற வண்டி" என்று சிரித்தான்.

கியர் போட்டு மிதித்தேன். அந்தரத்தில் பின்சக்கரம் சுற்றியது, முன்சக்கரம் சும்மா நின்றது. வழுக்குகிறோம் என்று வண்டி முடிவு கட்டிவிட்டது. முன்சக்கரம் தரையைப் பிடித்து இழுக்க, ஸ்டாண்டிலிருந்து பாய்ந்து, அவனைப் பின்னாலிருந்த வேலை மேசையோடு வைத்து நசுக்கியது. வலது கால் முறிந்துபோனது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த செட்டியார் வீட்டுத் தம்பி, "தூக்கிவச்சு ஓட்டுனீகளாண்ணே?" என்றார்.

"இல்ல. நின்ன வண்டி தானாப் பாஞ்சுச்சு."

நம்பிவிட்டார். கண் கலங்கி, மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வண்டியாலதான வந்துச்சு, மன்னிச்சிருங்க. இனி அத யாரும் ஓட்ட மாட்டோம்" என்றார். எவனும் குறை சொல்ல முடியாத வண்டிக்கு என் வாயால் கெட்ட பேர்.

அவர் போன பிறகு மச்சினன் கேட்டான்: "ஏன் மச்சான் பொய் சொன்னீக? தூக்கக் கூடாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"மொதல்ல அவுகளுக்குப் போனப் போடுங்க."

கட்டில் ஓரத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கால் கூடிவிட்டது. ஆனால் மச்சினன் இப்போது பள்ளத்தூரில் வேறொருவர் பட்டறைக்குப் போகிறான். வேலைக்கு வா என்று எவன் வாசலிலும் போய் நிற்காதவன் நான், அங்கே போய் நின்று கூப்பிட்டேன்.

"காலுக்காக இல்ல மச்சான்," என்றான். "இனிமே நீங்க இங்குட்டு நில்லுடான்னா, நான் எப்படி நிப்பேன்?"