ஆர்கானுக்கு இன்னொரு பேர்

அன்புச்செல்வி அக்காவை நான் முதலில் சந்தித்தது ஒரு வீடியோவின் கீழே, கமெண்ட் சண்டையில். எவர்சில்வர் தகட்டுக்கு ஆர்கான் வெல்டிங் வைக்க, டார்ச் ஒயரைப் பிளஸ்ஸில் மாட்டச் சொல்லியிருந்தார் வீடியோக்காரர். தவறு, மைனஸில் மாட்ட வேண்டும் என்று எழுதி, என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்றும் போட்டேன். பனமலைப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே அந்த இரண்டெழுத்தை முதலில் வாங்கியவன் நான். எங்கே போடலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உடனே அக்காவிடமிருந்து பதில் வந்தது. "இவர அஞ்சு லட்சம் பேரு பாக்குறாங்க. உங்கள எத்தினி பேரு பாக்குறாங்க?"

மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றின் கையேட்டுப் பக்கத்தை அனுப்பினேன். "இங்கிலீஷ்ல இருந்தா நெசமாயிடுமா?" என்றார். நியாயமான கேள்வி. புத்தகத்தில் இருந்தது, நம்பினேன். நானும் தகட்டில் வைத்துப் பார்த்தவன் இல்லை. ரெண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று எழுதினேன்.

"அப்ப கடைக்கு வாங்க, இஞ்சினியரு."

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் கிரில் கடை. அவரும் கணவர் தென்னரசுவும் கேட், ஜன்னல் செய்கிறார்கள். முன்பு விழுப்புரத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் அக்கா ஆர்கான் வெல்டிங் வைத்தவர். ஆனால் ஒயர் மாட்டுவதெல்லாம் மேஸ்திரி. இப்போது பால் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்று வெல்டர் எடுக்கிறது. வெள்ளிக்கிழமை கைத்தேர்வு. அதற்காகத்தான் மெஷினை இரவல் வாங்கி, வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.

முதலில் பிளஸ்ஸில் மாட்டினார். டார்ச்சுக்குள் இருக்கும் டங்ஸ்டன் ஊசியின் முனை உருகி, மிளகு மாதிரி உருண்டுவிட்டது. மைனஸில் முனை அப்படியே நின்றது. வெல்டிங் தையலும் சீராக ஓடியது.

"அஞ்சு லட்சம் பேரும் ஊசி வாங்க ஓடிக்கினு இருப்பாங்க," என்றார் தென்னரசு.

அக்கா சிரிக்கவில்லை. "இது சரி தம்பி. ஆனா டெஸ்டு ஆர்கான்ல இல்லியே. ஜி.டி.ஏ.டபிள்யூன்னு இன்னாவோ போட்டுக்கீறாங்க. இத்த வச்சி ஒப்பேத்திடலாம்னு பாத்தேன். தெரியாத வேலைக்குப் போயி அசிங்கப்பட வேணாம்."

கம்பெனியின் ஆளெடுப்பு விளம்பரத்தை வாங்கிப் பார்த்தேன். "அக்கா, ரெண்டும் ஒண்ணுதான். பட்டறையில கேஸ் பேர சொல்றோம். புத்தகத்துல கேஸ் டங்ஸ்டன் ஆர்க் வெல்டிங்கிற முழுப் பேரோட மொத எழுத்துங்கள போடுறாங்க."

"ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"உனுக்கு மட்டும் இன்னா? வூட்ல செல்வி, ரேஷன் கார்டுல அன்புச்செல்வி," என்றார் தென்னரசு.

அந்த எழுத்துகளைப் போட்டுத் தேடினோம். ஆர்கான் என்று தேடியபோது யார் யாரோ வந்தார்கள். இப்போது தொழிற்பயிற்சிப் பாடங்கள் வந்தன, சில தமிழிலேயே. அதற்காகப் பட்டறைப் பெயரில் வருவதெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. முடிந்த தையலைக் கிட்டத்தில் காட்டாத ஆளை அக்கா இப்போது நம்புவதில்லை. காட்டுபவர் சொல்வதையே வேறொருவரும் சொல்கிறாரா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரு துண்டுத் தகட்டில் வைத்துப் பார்ப்பார். நானும் இப்போது அப்படித்தான் தேடுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனார், தேறினார். இப்போது அந்தக் கம்பெனியில் குழாய் இணைக்கும் பிரிவில் காலை ஷிப்டில் இருக்கிறார். கிரில் கடையைத் தென்னரசு பார்த்துக்கொள்கிறார்.