கோச்சி வராத பதுளை

நேற்று மழையில் ஒரு தோட்டத்துத் துரை குதிரையில் போனார். இப்போது துரைமார் எல்லோரும் மோட்டார் வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் ஏனோ பழைய ஆள். பசார் வீதியில் ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றிருந்தேன். குதிரை என்னைத் தாண்டிப் போன பிறகும் நனைந்த ரோமமும் தோல்வாரும் புல்லும் கலந்த அந்த வாசனை போகாமல் அங்கேயே நின்றது. அவ்வளவுதான், என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துவிட்டது. கடைக்காரர் கேட்கிறார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்த வாசனை எனக்குக் காசிமின் வாசனை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. ரயில் என்று நான்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அதற்குக் கோச்சி என்றுதான் பேர். கோச்சியை விட்டு இறங்கினால் பதுளைக்குக் குதிரை வண்டிதான். தபாலும் அதில்தான், ஆட்களும் அதில்தான். வண்டி காசிமின் வாப்பாவுடையது. காசிம் ஓட்டுவான். நான் பதுளையில் உட்கார்ந்து பார்சல்களுக்குச் சீட்டு எழுதுவேன். எங்களுக்கு ஒரே வயது, அநேகமாக ஒரே புத்தியும்தான்.

சாயங்காலம் ஹாலிஎல ரோட்டில் ஊர் எல்லைத் திருப்பத்திலேயே காசிம் கொம்பை எடுத்து ஊதிவிடுவான். அப்போது ஊரைப் பார்க்க வேண்டும். செட்டியார் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார். பாதி சவரத்தோடு ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பார். நமுனுகுலை மலையிலிருந்து இறங்கிய பனி தெருவை மூடியிருக்கும். அதற்குள் முதலில் குதிரையின் மூச்சுதான் வெள்ளையாகத் தெரியும். பிறகு குதிரை. அப்புறம் காசிமின் தலைப்பா. பிறகு, யார் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். இந்தியாவிலிருந்து வந்த மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆள், யாரும் எதிர்பார்க்காத மாமியார் என்று எல்லோரையும் ஊரே இறக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நிற்பதைவிடப் பெரிய சுகம் எனக்கு இருந்ததில்லை.

இப்படி ஒரு ஊரை நேசித்தவன் அங்கே இல்லாத ஒன்றுக்கு ஏங்கினான் என்றால் அவனை என்ன சொல்வது? காசிமோடு ஒருநாள் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எல்லோரும் எஞ்சினை வேடிக்கை பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாகத் தந்தி அறையைப் பார்த்தேன். ஒருவர் விரலால் தட்டுகிறார். எங்கோ கொழும்பில் இருக்கும் ஒருவன் திருப்பித் தட்டுகிறான். நான் சொக்கிப் போனேன். பதுளைத் தபால் கந்தோர்க் குமாஸ்தா ஒருவரின் காலைப் பிடித்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, ரயில்வேப் பரீட்சை எழுதினேன். சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஸ்டேஷனில் தந்தி வேலை. ஊர், கோச்சிப் பாதையில் எங்கோ இருக்கும் பொல்காவலை.

எனக்குக் கல்யாணமாகி அப்போதுதான் ஒரு வருஷம். அன்னம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண். கூலி லயத்து ஒற்றை அறையிலிருந்து பதுளை டவுனுக்கு வந்ததை அவள் அரண்மனைக்கு வந்ததாகவே நினைத்திருந்தாள்.

"கோச்சி ஓடுற எடமெல்லாம் ஒரு ஊராங்க? அங்க மலை இருக்கா?" என்றாள்.

"தெரியாது."

"பனி இருக்கா?"

"அதுவும் தெரியாது."

"தெரியாத ஊருக்கா ஒங்களுக்கு மூஞ்சி இப்படி மலருது?"

முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் தெருவில் இறங்கினால் அதே முகம் வாடிவிடும். அந்த நாட்களில் நான் ஊரைத் தின்றுகொண்டு திரிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விடிகாலையில் பதுளை ஓயா ஆற்றங்கரையில் போய் நிற்பேன். பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் விகாரையின் மேளமும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வரும். இதை விட்டுப் போக மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். வீட்டு வாசலில் பார்த்தால் விரல் கதவில் தந்தி அடித்துக்கொண்டிருக்கும்.

காசிமிடம் சொன்னேன். குதிரைக்குப் புல் போட்டபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"இருந்தீன்னா அரை மனுசனாத்தான் மச்சான் இருப்பே. போ. ஊரு எங்கயும் ஓடிறாது."

கடைசியில் முடிவு செய்தது அன்னம்தான். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் நான் தட்டிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்தாள். "சோத்துல தந்தி அடிச்சது போதும். ஆறிப் போவுது. நாளைக்குச் சாமானக் கட்டுங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

பொல்காவலையில் மலை இல்லை, பனியும் இல்லை. வெயில், கொசு, தென்னை, நாலு பக்கமும் தண்டவாளம். அன்னம் ஒரு மாதம்வரை டிரங்குப் பெட்டியைத் திறந்து அடுக்கவில்லை. எனக்கோ வேலை தேனாக இருந்தது. விரலைக் கருவியில் வைத்தால் பசி தெரியாது. ஆனால் பண்டாரவளைக் கோச்சி வந்தால் மட்டும் எழுந்து மூன்றாம் வகுப்புப் பெட்டியோரம் போய்விடுவேன். தோட்டத்து ஆட்களின் கம்பளியில் புகையும் ஈரமும் மணக்கும். "பதுளைல மழையாங்க?" என்று கேட்பேன். டிக்கெட் கேட்காமல் மழை கேட்கிற உத்தியோகஸ்தனை அவர்கள் பயத்தோடு பார்ப்பார்கள்.

அன்னம் யாரிடமும் மழை கேட்கவில்லை. அடுத்த வீட்டுச் சிங்கள அம்மாவிடம் பாஷை கற்றுக்கொண்டாள். பலாக்காய் சமைத்தாள், ஆடு வளர்த்தாள், வேலியெல்லாம் மல்லிகை படர விட்டாள். வெந்நீர் வைக்காமல் குளிப்பது எவ்வளவு சுகம் என்று மலைநாட்டிலிருந்து வந்தவர்களிடம் பெருமை பேசுவாள். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. பண்டாரவளைக்கு அப்பால் பாதை வெட்டுகிறார்கள் என்று ஒருநாள் என் கருவியே எனக்குச் சொன்னது. எல்ல வந்தது. தெமோதரையில் கோச்சி மலையைச் சுற்றித் தான் வந்த தண்டவாளத்துக்குக் கீழேயே நுழைந்து போகிறதாம். பிறகு ஹாலிஎல. பிறகு பதுளை. நான் மாற்றலுக்கு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. ஓடிப் போய் அன்னத்திடம் சொன்னேன்.

"நான் கேட்டனா?" என்றாள்.

"பதுளைன்னா ஒனக்கு உசுராச்சே."

"அது அப்ப." ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டாள்.

அந்தச் சிங்கள அம்மா ஸ்டேஷன்வரை வந்தார். இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கோச்சி நகர்ந்த பிறகும் விடவில்லை.

பதுளை ஸ்டேஷன் புதுப் பெயிண்ட் வாசனையோடு இருந்தது. கோச்சியில் வருகிறவர்கள் இறங்கி, கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலம், கால் பழக்கத்தில் பசார் வீதி முனைக்குப் போய் நின்றேன். பனி இறங்கியது. கடைகளில் வியாபாரம் நடந்தது. யாரும் தலை நிமிரவில்லை. புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவர், "யாரத் தேடுறீங்க ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

காசிமைக் கண்டுபிடித்தேன். குதிரைகளை விற்றுவிட்டுப் பசறைக்கு மோட்டார் பஸ் ஓட்டுகிறான். தாடி நரைத்திருந்தது. தழுவிக்கொண்டபோது பெட்ரோல் மணத்தது.

"கொம்பு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கே. ரப்பர்ல. அமுக்கினா கத்தும்" என்று அமுக்கிக் காட்டினான். "முந்தி ஊதினா வெளிய வருவாங்க மச்சான். இப்ப ஒதுங்கி நிக்கிறாங்க." சிரித்தான். நானும் சிரித்தேன்.

வேண்டிய வேலையும் வேண்டிய ஊரும் இன்று ஒன்றாகவே கிடைத்திருக்கின்றன. குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அன்னம்தான் மத்தியானத்தில் சில நாள் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்வாள். "பொல்காவலைல இப்ப மழையா இருக்குமா?" என்பாள். தந்திக் கம்பி சும்மா இருக்கிற நேரம் பார்த்து, என் இடத்தில் இப்போது இருக்கிற பையனிடம் தட்டிக் கேட்பேன். மேலதிகாரிகள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவன் வெயில் என்பான், சில நாள் தூறல் என்பான். அவள் முகம் தெளிந்துவிடும்.

போன வாரம் அப்படிக் கேட்டுச் சொன்ன பிறகு, "ஒங்களுக்கு எந்த ஊரு மழையக் கேக்கணும்?" என்றாள்.

"பதுளை" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.