வைகாசியில் பார்த்த வயல்

மதகுச் சுவரில் குந்தி, கயிற்றில் கட்டிய கண்ணாடிச் சீசாவை வாய்க்காலுக்குள் இறக்குகிறார் மெஹராஜ் பேகம். நிறைந்ததும் மேலே இழுத்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். அளக்கப் பையில் கருவி இருக்கிறது. ஆனாலும் நாக்கு முந்திக்கொள்ளும். "ம்... ஏறிடுச்சு" என்கிறார். ஏறியது கடல் உப்பு.

கல்லூரிப் பேராசிரியர். கடலையும் கரையையும் யார், எதற்கு, எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது அவருடைய ஆய்வு. ஊரார் வைத்த பெயர் 'கடல் டீச்சர்'. சனிக்கிழமைகளில் கீழ்வேளூருக்குக் கிழக்கே போகும் பேருந்தில் அவரைப் பார்ப்பேன். பையில் சோற்று டப்பா இருக்காது, சீசாக்கள் கிணுகிணுக்கும். நடத்துநர் தங்கையன் சும்மா இருக்கமாட்டார்.

"என்ன டீச்சர், கடலையும் ஏத்திட்டு வந்துட்டீங்களா? லக்கேஜ் போடணும்ல?"

"பாதிக் கடல்தாங்க. அரை டிக்கெட் கிழிங்க."

இறால் பண்ணைகள் தெரியும் வளைவு வந்ததும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்காரர் மகள் அவர். ஆண்டு முழுவதும் பச்சை மாறாத இடத்தில் வளர்ந்தவர். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் இந்தக் கடைமடைக்கு அவர் முதலில் வந்தது 1988 வைகாசியில். இங்கே சம்பா ஒரு போகந்தான். தை, மாசியில் அறுத்தால் ஆவணி வரை வயல் வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். அவர் அதைத் தரிசு என்று எண்ணி, இறால் வளர்க்க ஏற்ற இடம் என்று எழுதினார். ஆய்வு நூலாகவும் வந்தது. ஒரு நிறுவனம் அதைக் காட்டி அனுமதி பெற்று, ஊர் மிராசுதாரின் நிலத்தை வாங்கிப் பண்ணை வெட்டியது. உப்பு கசிந்து, மேற்கே ஒட்டியிருந்த சிறு விவசாயி பொன்னுத்தாயின் வயலில் பாதி வெளுத்துப்போனது.

நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த வயல் அது. அதற்கான கிளர்ச்சியில் பொன்னுத்தாயின் கணவர் சிறைக்குப் போய் வந்தவர். நூலை எழுதியவர் யார் என்று தெரிந்த நாளில், பொன்னுத்தாய் வரப்பிலேயே மறித்துக்கொண்டார்.

"வைகாசில வந்து பாத்தா எங்க வயலு மட்டுமா டீச்சரம்மா, வயிறுந்தான் காலியாக் கெடக்கும். அதுலயும் எறா வுடச் சொல்லி எழுதுவீங்களா?"

"ஆடு மேய்ச்சவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கலியே" என்று மெஹராஜ் பேகம் பின்னர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைப் பயணங்கள் அதற்குப் பிறகு தொடங்கியவை.

சென்ற மாதம் நிறுவனம் பொன்னுத்தாயின் வயலுக்கு மேற்கிலும் பண்ணை வெட்ட அனுமதி கேட்டது. வந்தால் வயலின் மிச்சப் பாதியும் போய்விடும். கீழ்வேளூரில் விசாரணை. மெஹராஜ் பேகத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் வக்கீல் அவருடைய நூலிலிருந்தே அந்தத் 'தரிசு' வரியை வாசித்துக்காட்டினார். மெஹராஜ் பேகம் எழுந்தார்.

"நான் எழுதினது தப்புங்க. அறுத்த வயலப் பாத்துட்டுத் தரிசுன்னு எழுதிட்டேன்."

வக்கீல் சிரித்தார். "அப்ப நீங்க வாங்குன டாக்டர் பட்டமும் தப்பாம்மா?"

"அதப் பல்கலைக்கழகம் சொல்லட்டும். இது வெளையிற வயலுங்க."

விசாரணை நடத்திய அதிகாரி அதை எழுதிக்கொண்டார். மேற்குப் பண்ணைக்கு அனுமதி இல்லை என்றார். கிழக்கே ஏற்கெனவே வெட்டிய பண்ணைகளைப் பற்றி இந்த விசாரணையில் பேச இடமில்லை என்றும் சொன்னார். வெளுத்த பாதி வெளுத்ததுதான்.

மெஹராஜ் பேகம் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பின்னால் ஊர்ப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், பொன்னுத்தாயின் அருகே நின்றார். பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பவில்லை. தரையில் பரந்திருந்த சேலைத் தலைப்பை மட்டும் இழுத்துச் சுருட்டிக்கொண்டு, சற்று நகர்ந்து இடம் விட்டார்.