கயாவில் விட்ட தயிர்

என் விரலில் ஊசி ஏறி ரத்தம் வந்தது எனக்குத் தெரியவில்லை. துணியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சந்தன நிறப் பட்டு, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை. கழுத்துப் பட்டி ஓரத்தில் மிளகு அளவில் மூன்று சிவப்புப் புள்ளிகள். முப்பது வருஷமாகத் தைக்கிறேன், அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

சனிக்கிழமைப் பாராயணத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். குரோம்பேட்டையில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். போன வருஷம் ஏன் பல மாதம் வரவில்லை என்று கேட்டீர்கள். கல்யாண சீசன், வேலை அதிகம் என்று சொன்னேன். அது பொய். தரையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைதூக்கி விட வேண்டியிருந்தது. அதை நீங்கள் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

இது தொடங்கிய இடம் கயா. ஆறு வருஷத்துக்கு முன் மாமனாருக்குக் காரியம் செய்ய நானும் வீட்டுக்காரரும் காசி, கயா போனோம். கயாவில் பிடித்த பண்டம் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சாஸ்திரிகள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக்காரர் பாகற்காயை விட்டார். பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விடுறதுன்னா உயிரா நினைக்கிறதைத்தான் விடணும்" என்று கூட வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். பால், தயிர், மோர் மூன்றையும் விட்டேன். தயிர் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டறியாதவள் நான். எல்லோரும் என்னை வியந்து பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அதன் பிறகு பாலும் கிடையாது. கறுப்புக் காபி, ரசம் சாதம், கறிகாய். நான்கு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. என் பக்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஓர் ஐப்பசியில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். அடுத்து முதுகு, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றாக வலித்தது. தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. பத்து மணிக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் பதினோரு மணிக்குத் தலை தானாகத் தொங்கும். நாக்கு சிவந்து புண்ணாகக் கிடந்தது. வாடிக்கையாளர்களின் அளவை எழுதாமல் நினைவில் வைத்திருந்தவள், எழுதிய நோட்டை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

வயசாகிவிட்டது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கினேன். கண் திருஷ்டி என்று ஒருத்தி சொன்னாள், அதற்கும் சுற்றிப் போட்டோம். சத்துக்கு என்று கேட்டபோது கடையில் ஒரு சிவப்பு மாத்திரை அட்டை கொடுத்தார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஓர் அட்டை தீர்ந்ததும் ஒன்றும் குறையாததால் விட்டுவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோதெல்லாம் சண்டை போட்டேன்.

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று அவர் நொந்துபோவார்.

அப்புறம் விரல் நுனிகள் மரத்துப் போயின. எனக்கு உண்மையில் பயம் வந்தது அப்போதுதான். நூல் முடிச்சு விரலில் தட்டுப்படவில்லை. கொக்கி தைத்தால் கோணிக்கொண்டது. தையல் போனால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

போன வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருநீர்மலை போனோம். வருஷா வருஷம் மலை ஏறுகிறவள் நான். நாலாவது படியில் கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. விழப் பார்த்தேன். வீட்டுக்காரரை மட்டும் மேலே அனுப்பிவிட்டு நான் கீழேயே உட்கார்ந்தேன். ஏறுகிறவர்களைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அங்கே பெருமாள் நான்கு விதமாக இருக்கிறார். கீழே நிற்கிறார். மேலே ஒரு சன்னதியில் கிடக்கிறார், ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றில் உலகத்தை அளந்து நடக்கிறார். நான் வாய்விட்டே கேட்டேன். "நிற்கிறது, உட்காருகிறது, கிடக்கிறது, நடக்கிறது எல்லாம் நீயே வைத்துக்கொண்டால் எப்படி? எனக்கு எது போயிற்று என்றாவது சொல். பெயர் தெரிந்தால் நான் சண்டை போட்டுக்கொள்கிறேன்." வேறு மந்திரம் எதுவும் சொல்லவில்லை. குணப்படுத்து என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அந்த ரத்தப் புள்ளிகள்.

அது ஷமீமாவின் தங்கை கல்யாண ரவிக்கை. ஷமீமா பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், பத்து வருஷமாக என் வாடிக்கை. அன்று சாயந்திரம் வாங்கிக்கொள்ள வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறைக்கத் தோன்றவில்லை, விரித்துக் காட்டிவிட்டேன். கல்யாணத் துணியில் ரத்தம். அவள் கத்தினால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

அவள் துணியைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள்.

"அக்கா, ஊசி குத்தினது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியலைம்மா."

"கால்?"

"எரியுது. அப்புறம் மரத்துப் போயிடுது."

"நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். புண்ணைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எனக்குப் பால் போட்டுக் காபி குடுப்பீங்க, நீங்க மட்டும் கறுப்பாக் குடிப்பீங்களே. பாலை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு."

"நான் டாக்டர் இல்லக்கா. ஆனா நாளைக்குக் காலைல எங்க லேபுக்கு வாங்க. வைட்டமின் பி-12 பார்த்துடலாம். துணி கிடக்குது விடுங்க, மீதித் துணி இருக்குல்ல?"

மறுநாள் அவளே ரத்தம் எடுத்தாள். ஊசி போனது அப்போதும் சரியாகத் தெரியவில்லை. சாயந்திரம் சீட்டு வந்தது. இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. எனக்கு எது போயிற்று என்று கேட்டேன் அல்லவா, பெயர் போட்டு அச்சடித்து வந்துவிட்டது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் கும்பிட்டேன். ஓர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

அந்தச் சீட்டோடு ஒரு டாக்டர் அம்மாவிடம் போனோம். அவர் சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார். இந்தச் சத்து கறியிலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது, கறிகாயில் கிடையாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருஷம் ஓடும். அது தீர்ந்த பிறகுதான் நரம்பு கெட ஆரம்பிக்கும். நான்கு வருஷம் எனக்கு ஒன்றும் ஆகாதது பக்தியால் இல்லை, பழைய தயிரால்.

"தினம் ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காதும்மா" என்றார்.

"கயாவில் விட்டது, டாக்டர். திரும்ப எடுக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாலை விட்டது உங்க இஷ்டம். இந்த நிலைமைக்குப் பால் மட்டும் போதவும் போதாது. ஊசி போடணும். ஊசியையும் எங்கேயாவது போய் விட்டுட்டு வந்துடாதீங்க" என்றார். அதில் மாமிசம் உண்டா என்று கேட்டேன். கிருமிகளை வளர்த்துத் தயாரிப்பது என்றார். கிருமியை விடுவதாக நான் எந்தச் சங்கல்பமும் செய்யவில்லை.

முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி. பிறகு வாரம் ஒன்று. பிறகு தினமும் மாத்திரை. முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பெருமாளிடம் மறுபடி சண்டைக்குப் போனேன். நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், போனது முழுக்க வராமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் வரை தையல் போட்டும் தலை தொங்கவில்லை. மார்கழியில் ஊசி விரலில் குத்தியது. சுரீர் என்று வலித்தது. வலித்ததற்காகச் சந்தோஷப்பட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்தப் பங்குனியில் திருநீர்மலை ஏறினேன். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், ஆனாலும் ஏறிவிட்டேன். நடக்கிற பெருமாள் முன்னால் நின்றபோது பேச்சு வரவில்லை. இத்தனை வாயாடி, ஒரு வார்த்தை வரவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தயிர்சாதம். ஆறு வருஷமாகத் தயிர்சாதம் என்றால் கையை இழுத்துக்கொண்டு, இவருக்கு வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அன்று கை நீண்டுவிட்டது. வைத்தார்கள். உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாகச் சில்லென்று இருந்தது. ஆறு மாதம் முன்பு அந்தக் கையில் ஐஸ் கட்டி வைத்தாலும் தெரிந்திருக்காது.

பிரசாதத்துக்கு விலக்கு உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். கயாவில் எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இங்கே யார் பார்த்தார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்குக்குக் குறையுதுன்னா பாகற்காயை விட்டுடு. நான் துணைக்கு இருக்கேன்" என்றார் இவர்.

இடது கால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. அது எனக்கு நினைவூட்டலாக இருக்கட்டும். ஷமீமாவின் தங்கைக்குப் பட்டியை மாற்றித் தைத்துக் கொடுத்தேன். இப்போது அவளுக்குச் சீமந்த ரவிக்கை தைக்கிறேன், அவர்கள் வீட்டிலும் வளைகாப்பு போடுகிறார்கள்.

உங்களில் யாருக்காவது கால் எரிந்தால், அசதி போகாவிட்டால், என்னைப் போல நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். எல்லா வலியும் இதனால் வருவதில்லை என்று டாக்டர் சொன்னார். அதனால் நான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்காதீர்கள். முதலில் பெருமாளிடம் கேளுங்கள். பிறகு போய் ரத்தம் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

அந்தச் சீட்டைப் பூஜை அறையில் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். காபியும் தருகிறேன். பால் உங்களுக்கு மட்டும்.