பொன்மணி மிதந்த ஞாயிற்றுக்கிழமை

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டிச் சுருட்டியே, கனத்த உடம்புக்காரி பொன்மணியின் முழங்கால்கள் போய்விட்டன. கம்பெனி வேன் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் வேலையும் நின்றது. "தண்ணிக்குள்ள நின்னு காலை ஆட்டுங்கம்மா, பாரம் தெரியாது" என்றார் டாக்டர். சொல்வதற்கு அவருக்கென்ன? இந்தக் கரிசல் காட்டில் குடிதண்ணீரே லாரியில் ஏறித்தான் ஊருக்குள் வருகிறது.

நல்லவேளையாக ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. ஊர்க்காரர் சீனிச்சாமியின் தோட்டத்துக் கிணறு பாதிப் படிக்கட்டு மூழ்க நிரம்பியிருந்தது. புருஷன் உக்கிரபாண்டி அவளை அங்கே கூட்டிப்போனான்.

அவன் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். எலும்பும் முறுக்கேறிய சதையும் தவிர உடம்பில் வேறு சரக்கு கிடையாது. கனத்த பெட்டி அடியில், லேசான பெட்டி மேலே என்பது லாரிக் கணக்கு. அதே கணக்கைக் கிணற்றிலும் போட்டான். கனத்த பெண்டாட்டிதான் அடியில் போவாள் என்று அவள் முதுகில் இரண்டு காலிக் கேன் கட்டினான். ஒல்லி உடம்பு எப்படியும் மிதக்கும் என்று தனக்கு ஒன்றும் கட்டவில்லை.

"மாப்ள, ரெண்டு பத்துமா? டிரம்மு தாரேன்" என்றார் மேட்டில் நின்ற சீனிச்சாமி.

"நான் இறங்குனா தண்ணி வழிஞ்சு தோட்டத்துக்குப் பாயும்ணே. மோட்டார் போடாம பாய்ச்சிக்கோங்க" என்றாள் பொன்மணி. வாய்தான் அப்படி. தான் கல்லுமாதிரி இறங்கி அவனையும் இழுத்துக்கொண்டு போய்விடுவோமோ என்று பயந்து படியிலேயே நின்றாள்.

"நான் பிடிச்சுக்கிறேன், வா புள்ள" என்று அவன் முதலில் குதித்தான். மேலே வந்தான், ஏதோ சொல்ல வாய் திறந்தான், உள்ளே போனான். மறுபடியும் அதே மாதிரி. பொன்மணி முழங்காலை மறந்து படியை விட்டுப் பாய்ந்தாள். கேன்கள் தாங்க, அவன் தலைமுடியைப் பற்றிப் படிக்கு இழுத்துவந்தாள்.

"கேனை அவுத்து நீங்க கட்டிக்கோங்க."

"அப்ப நீ?"

கேனை அவனுக்குக் கட்டிவிட்டு, ஒரு கையால் படியைப் பிடித்தபடி மல்லாந்து, மெல்லக் கையை விட்டாள். மிதந்தாள்.

நெரிசல் பஸ்ஸில் ஏறுகிறவர் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறாரோ அதற்குத் தக்கபடி சுற்றியிருப்பவர்கள் திருப்பித் தள்ளுவார்கள். தண்ணீரும் அப்படித்தான். எடையை மட்டும் அது பார்ப்பதில்லை, பிடிக்கிற இடத்தையும் பார்க்கும். எலும்புக்கும் முறுக்குச் சதைக்கும் கனம் அதிகம், இடம் கம்மி. ஊரே கேலி பேசிய பொன்மணியின் கொழுப்போ தண்ணீரைவிட லேசு. அவள் மூச்சை இழுத்தால் இன்னும் கொஞ்சம் எழும்பினாள்.

காலை ஆட்டினாள். வலிக்கவில்லை. இன்னொரு தடவை ஆட்டினாள்.

"போதும் புள்ள, குளிரும்."

"இருங்க. என் பாரம் எனக்கே தெரியலை. எம்புட்டு நாளாச்சு."

அவள் கண்ணோரம் நனைந்தது கிணற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம். உக்கிரபாண்டி கேன்களோடு பக்கத்தில் ஆடிக்கொண்டு அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான், ஏதோ அவன்தான் அவளைத் தாங்கிக்கொண்டிருப்பவன் போல. அவளும் விடச் சொல்லவில்லை.