அளவாகக் குடிப்பவர்

குவார்ட்டர் பாட்டிலின் மூடி நிறைய ஊற்றி, அதை நாக்கில் கவிழ்த்து, வாயை மூடிக்கொள்கிறார் அங்கமுத்து. உடனே விழுங்குவதில்லை. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மேலண்ணம் என்று ஓட்டிவிட்டு, இனி வைத்திருந்தால் சூடாகிவிடும் என்னும்போதுதான் தொண்டைக்குள் விடுகிறார். பிறகு ஓர் ஏலக்காயைக் கடித்துக் கடைவாயில் அதக்கிக்கொள்கிறார். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் பெஞ்சில், பகல் பதினோரு மணிக்கு, நாலு பேர் பார்க்க இது நடக்கிறது.

பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த கிணற்றுத் தண்ணீர்.

அங்கமுத்துவுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் சனியும் விடியற்காலை பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய், மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சொம்பு உண்டு, குடம் உண்டு, அளவு காட்டுகிற பாத்திரம் ஏது? மனைவி ராமாயி யோசித்தாள். டிரைவர்கள் வேலியோரம் வீசிப்போன பிராந்தி பாட்டில்கள் இரண்டை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். காலையில் ஒன்று. மூன்று மணிக்கு ஒன்று, அது மறுநாள் விடியும்வரை. மிச்ச அளவு சோற்றோடு சரி. சில்லென்று இருந்தால் கொஞ்சத்திலேயே தாகம் அடங்கும் என்று பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி வேறு கட்டிவிடுவாள்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. காலையில் முகம் உப்பிக் கிடக்கிறது. கோயமுத்தூரிலிருந்து திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கினால் கம்பத்தைப் பிடித்துத்தான் நிற்க முடிகிறது. நா வறண்டால் நக்கிக்கொள்ள மடியில் எலுமிச்சைத் துண்டு. சப்புவதற்கு சோடாக் கடை ஐஸ். வாயில் எந்நேரமும் ஏலக்காய். இத்தனையும் பார்த்துவிட்டு ஒருவன் வேறென்ன நினைப்பான்? சாராயத்தின் வாடைகூட ஆகாத மனுஷனுக்கு ஐம்பது வயதில் குடிகாரப் பட்டம் கட்டியாகிவிட்டது. சின்னராஜ் என்கிற டிரைவர் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலேயே வேண்டாமுங்கண்ணா என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தான். சரி சாமி என்றார், அவ்வளவுதான். நோயைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இது லேசாக இருந்தது. மகள் வசந்தாமணிக்கு வரன் பார்க்கிற நேரம் வேறு.

மற்ற வலியெல்லாம் பழகிப்போயிற்று. தாகம் மட்டும் பழகவில்லை. யாராவது ஹோஸ் பிடித்து லாரி டயரைக் கழுவினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடைப் பானையைப் பார்க்கக் கூடாதென்றே ரோட்டுக்கு அந்தப் பக்கமாக நடப்பார். "பசிய ஏமாத்தலாம் ராமாயி, இத ஏமாத்த முடியலயே" என்று ஒருமுறை சொன்னார். அன்றையிலிருந்து அவர் எதிரில் அவளும் தண்ணீர் குடிப்பதில்லை.

போன புதன்கிழமை மூன்று மணிக்கு ராமாயி பெஞ்சுக்கே வந்து பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள். இந்தப் பக்கம் ஆட்டையாம்பட்டி கந்தப்பன் வந்து இறங்கினார். அவர் மகனுக்குத்தான் வசந்தாமணியைப் பேசியிருக்கிறது. ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பிடித்து, வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. மனுஷர் சுற்றி வளைக்கவில்லை.

"குடிக்கறீங்கன்னு பேசிக்கறாங்க மச்சான். குடியின்னா பரவால்லீங்க, எங்கூட்லயும் தொடாத ஆளில்ல. உங்க மூஞ்சி வீங்கியிருக்கறதப் பாத்துட்டு, ஏதோ சீக்காட்ட இருக்குதுன்னு எங்கூட்டுக்காரி பயந்துக்கிட்டா. சீக்கு இருக்கற ஊட்ல பொண்ணெடுக்க மாட்டேங்கறா. எதுன்னு நீங்களே சொல்லீருங்க."

அங்கமுத்து கடைவாய் ஏலக்காயை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"குடிதானுங்க."

"அளவாத்தானுங்களே?"

"அளவுதானுங்க. ஒரு சொட்டு கூடப் போனா எங்கூட்ல உடமாட்டாங்க."

கந்தப்பனுக்கு முகம் தெளிந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கினாற்போல் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தார். சித்திரை வெயில் கொல்கிறது என்றார். வருகிற வெள்ளிக்கிழமையே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"நமக்கும் ஒரு வாய் குடுங்க மச்சான்."

அங்கமுத்து நீட்டிய கையைப் பார்த்தார். ஒரு வாய் போதும், உள்ளே இருப்பது தண்ணீர் என்று தெரிந்துவிடும். தண்ணீரை எதற்கு மனுஷன் இப்படி அளந்து குடிக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும்.

பாட்டிலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூடியைத் திருகி, அண்ணாந்து, விடியும்வரை வைத்துக் குடிக்க வேண்டியது முழுவதையும் மடமடவென்று தொண்டைக்குள் கவிழ்த்தார். ஒன்றரை வருஷத்தில் முதன்முறையாகத் தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. அந்தச் சுகத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. காலிப் பாட்டிலைப் பெஞ்சின் மேல் வைத்தார். டிரைவர்கள் செய்வதைப் பார்த்திருந்தாரே, அதே மாதிரி முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி, எரிகிறாற்போல் நெஞ்சை நீவிக்கொண்டார்.